சேஸிஸ் வளைஞ்சா சமாதிதானா?

பழைய கார் வெச்சிருக்கறவங்க நாலு பேர் கூடினா, சேஸிஸ் வளைஞ்ச வண்டியைப் பத்தி ரெண்டே ரெண்டு தீர்ப்புதான் வரும். முதல் கோஷ்டி: "தொலைஞ்சுது, பார்ட்ஸுக்கு வித்துடுங்க. லட்சக்கணக்குல மெஷின் போட்டு வெச்சிருக்கற இடத்துலதான் இதையெல்லாம் நிமிர்த்த முடியும்." ரெண்டாவது கோஷ்டி: "அட, கேஸ்ல சூடு காட்டி ஒரு இழு இழுத்தா சரியாயிடும் சார்." முதல் கோஷ்டியால நல்ல வண்டியெல்லாம் காயலாங்கடைக்குப் போகுது. ரெண்டாவது கோஷ்டியால போகக் கூடாத வண்டியெல்லாம் ரோட்டுக்கு வருது. ரெண்டு பேர் சொல்றதும் தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கறவங்க ராத்திரி வந்து படிச்சுக்கலாம்.

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிடறேன். அம்பாசடருக்கும் ப்ரீமியர் பத்மினிக்கும் தனி சேஸிஸே கிடையாது. பாடிதான் சேஸிஸ், சேஸிஸ்தான் பாடி. "என் அம்பாசடர் சேஸிஸ் வளைஞ்சுடுச்சு"ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. அது வீட்டு வாசல்ல பண்ற வேலையும் இல்லை. நான் பேசறது பாடியைக் கழட்டி வெச்சா கீழே எலும்புக்கூடு தனியா நிக்கற வண்டிகளைப் பத்தி. பழைய மஹிந்திரா ஜீப் அப்படி. நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படித்தான்.

ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல 1961லேர்ந்து செஞ்ச வண்டி. இங்கிலாந்துல 1959ல ட்ரையம்ஃப் ஹெரால்டா வந்தது, உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜோவன்னி மிக்கெலோட்டி. மத்த கம்பெனிகள் தனி சேஸிஸைக் கைவிட்டுக்கிட்டு இருந்த காலத்துல இவங்க அதையே பிடிச்சுக்கிட்டாங்க. நடுவுல ரெண்டு நீளமான பெட்டித் தண்டு, அதுலேர்ந்து கை மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கற துண்டுகள், மேலே துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டின பாடி. அதனாலதான் இதைக் கழட்டிப் போட்டு வேலை பாக்க ஒரு ரோ ஹவுஸ் போர்டிகோ போதுமா இருக்கு. மாருதியை இப்படிக் கழட்ட முடியுமா?

இந்த புனேல நான் ஹெரால்டு வாங்கினப்போ, அதுக்கு முந்தின வருஷம்தான் "முழு ரெஸ்டோரேஷன்" முடிஞ்சதுன்னாங்க. பெயின்ட் பளபளன்னு கண்ணாடி மாதிரி. இடது முன்பக்கம் எப்பவோ அடி வாங்கினதை யாரும் சொல்லலை. நான் கேட்டதும், வேலை பண்ணின வொர்க்‌ஷாப்காரர் வீல் அலைன்மென்ட் பிரின்ட்அவுட்டை எடுத்து நீட்டினார். எல்லா நம்பரும் பச்சை. அடியில படுத்துப் பாத்தா, கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்குப் பின்னால வலது பக்கம் ரெண்டு ஷிம், இடது பக்கம் ஏழு! வளைஞ்ச சேஸிஸை வளைஞ்சபடியே விட்டுட்டு, தகடு சொருகி நம்பரைப் பச்சையாக்கியிருக்காங்க. கேட்டா, "சல்தா ஹை சாப்".

எனக்குக் கோபம் வர்றது இங்கதான். அலைன்மென்ட் மெஷின் வண்டி நிக்கற நிலையில சக்கரத்தோட கோணத்தைச் சொல்லும், அவ்வளவுதான். சேஸிஸ் நேரா இருக்கான்னு அதைக் கேக்கவே இல்லை. ஹெரால்டுல ஸ்டியரிங் ராக் நேரா சேஸிஸ்லயே உக்காந்திருக்கு. சேஸிஸ் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டா ராக்கும் சாஞ்சுடும். நிக்கும்போது எல்லாம் சரியா இருக்கும். ஸ்பீடுல ஒரு பள்ளத்துல இறங்கும்போது சக்கரம் மேலே போகப் போக தானா திரும்பும், ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி. நீங்க ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, ஆனா வண்டி லேன் மாறும். கெட்டியா பிரேக் அடிச்சாலும் ஒரு பக்கம் இழுக்கும். மும்பை எக்ஸ்பிரஸ்வேல பின்னால லாரி வரும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் சரியில்லாத வண்டியைக் கேலி பண்றவங்க, இந்த மாதிரி வண்டிக்கு ராலியில கை தட்டறாங்க.

சரி, சூடு கோஷ்டிக்கு வருவோம். சூடு காட்டறதே பாவம்னு நான் சொல்லலை. இரும்புப் பாலத்து உத்திரங்களையே சூடு காட்டி நிமிர்த்தறாங்க. ஆனா அதுக்குக் கணக்கு இருக்கு: எந்த இடம், எவ்வளவு அகலம், எத்தனை டிகிரி. சாதாரண இரும்புன்னா சுமார் 650 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடமாட்டாங்க, அதையும் அளந்து பாத்துத்தான் செய்வாங்க. நம்ம தெருக்கடையில நடக்கறது என்ன? செக்கச்செவேல்னு பழுக்க வெச்சு, செயின் போட்டு இழுத்து, மேலே ஒரு மக் தண்ணி. மெல்லிசான தகட்டுப் பெட்டி அந்த இடத்துல சுருங்கி உள்ளே குழியும். அடுத்த தடவை அடி பட்டா முதல்ல மடியறது அங்கதான். உள்பக்கம் இருந்த பெயின்டும் எரிஞ்சு போயிருக்கும், அதனால துரு உள்ளேர்ந்து தின்னுக்கிட்டே வரும். வெளியில கறுப்பு பெயின்ட் அடிச்சதும் யாருக்கும் தெரியாது.

அப்போ மெஷின் கோஷ்டி சரியா? அதுவும் இல்லை. சேஸிஸ் நிமிர்த்தறது இழுக்கற வேலைன்னு அவங்க நினைக்கறாங்க. அது அளக்கற வேலை. இழுக்கறது அதுல பத்துல ஒரு பங்குதான். அளக்கறதுக்கு லேசர் வேணும்னு யார் சொன்னது? நம்ம ஊர் கொத்தனார் ஒரு ட்யூப் லெவலையும் தூக்குக்குண்டையும் வெச்சுக்கிட்டு மூணு மாடி கட்டறார். ட்யூப்புக்குள்ள காத்துக் குமிழி இல்லாம தண்ணி நிரப்பினா, எத்தனை மீட்டர் தள்ளி வெச்சாலும் ரெண்டு முனையிலயும் மட்டம் ஒண்ணுதான். பூமி அதுக்கு காரன்டி. விலை சில நூறு ரூபாய்.

நான் பண்ணினது இதுதான். வெறும் சேஸிஸை நாலு ஸ்டாண்டு மேலே வெச்சு, அடி படாத பின்பகுதியில ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரைக்கும் தகடு கொடுத்தேன். போர்டிகோ தரை சரிவா இருந்தா பரவாயில்லை, ஸ்டாண்டு மட்டமா இருந்தா போதும். அப்புறம் ரெண்டு பக்கமும் ஜோடியா இருக்கற ஓட்டைகள்லேர்ந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில புள்ளி வெச்சு, ஜோடிகளோட நடுப்புள்ளி எல்லாம் ஒரே நூல்ல வருதான்னு பாத்தேன். மூலைவிட்டம் எல்லாத்தையும் டேப் பிடிச்சு அளந்தேன். ஹெரால்டோட தொழிற்சாலை மேனுவல்லயே சேஸிஸ் அளவுப் படம் உண்டு, ஒப்பிட்டுக்கலாம். மூலைவிட்டம் சமமா இருந்தா முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. முறுக்கு தரைப்புள்ளியில சரியா தெரியாது, உயரத்துலதான் தெரியும். என் வண்டியில இடது முன்முனை 14 மி.மீ. பின்னாலயும் 9 மி.மீ. மேலயும் இருந்தது. இந்த ரெண்டு நம்பர் கைக்கு வர எனக்கு மூணு சனி ஞாயிறு ஆச்சு. எந்த வொர்க்‌ஷாப்காரருக்கு மூணு வாரம் அளக்க நேரம் இருக்கு, சொல்லுங்க? வீட்டுல பண்றவனோட ஒரே சொத்து நேரம்தான், அதை யாரும் கணக்குல சேக்கறதே இல்லை.

இழுக்கறதுக்கு வீட்டுத் தூண்ல செயின் கட்டற புத்திசாலிகளும் இருக்காங்க. தூண் வெடிச்சா ஹவுஸ் ஓனருக்கு யார் பதில் சொல்றது? விசையை வெளியில விடாம உள்ளேயே முடிக்கணும். போசரி பக்கம் பழைய இரும்புக் கடையில 6 இன்ச் ஐ-பீம் ரெண்டு வாங்கினேன். 14 அடி நீளம், ஒண்ணு சுமார் 64 கிலோ. சேஸிஸோட நல்ல பகுதியை அதுல இறுக்கிக் கட்டிட்டா, வளைஞ்ச முனையை பாட்டில் ஜாக்கி வெச்சுத் தள்ளலாம், செயின் பிளாக் வெச்சு இழுக்கலாம். செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும். வேலை முடிஞ்சதும் பீமைக் கிலோ கணக்குல அதே கடைக்கே திருப்பிக் கொடுத்துடலாம். நான் கொடுத்துட்டேன்.

இரும்புக்கு ஞாபகம் உண்டு. 20 மி.மீ. தள்ளினா, ஜாக்கியை விட்டதும் பெரும்பகுதி திரும்பிப் போயிடும். அதனால கொஞ்சம் அதிகமா தள்ளி, அழுத்தத்துலயே வெச்சுக்கிட்டு சுத்தியால பக்கத்துல தட்டி, விட்டு, அளந்து, மறுபடியும் தள்ளணும். ஒரு தடவைக்கு 2, 3 மி.மீ. கிடைச்சா சந்தோஷப்பட்டுக்கணும். எல்லாம் பச்சை இரும்புலயே, ஒரு பொட்டு சூடு இல்லாம. அடி வாங்கினப்போ கடைசியா வளைஞ்சது எதுவோ அதை முதல்ல எடுக்கணும். என் சேஸிஸ் முடிவுல எல்லாப் புள்ளியிலயும் 3 மி.மீ.க்குள்ள வந்தது. ஷிம் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு.

எல்லா சேஸிஸும் இப்படி வராது, அதையும் சொல்லியாகணும். தகடு மடிஞ்சு கூர்மையா கோடு விழுந்திருந்தா, இல்லை விரிசல் இருந்தா, அதை நிமிர்த்தக் கூடாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல புதுசு செஞ்சு, நல்ல வெல்டர் கையால வெக்கணும். மேலே ஒட்டுத் தகடு வெக்கறதா இருந்தா முனை சாய்வா இருக்கணும். நேர்க்குத்தா குறுக்கே வெல்ட் அடிச்சா அந்தக் கோட்டுலயே முறியும். துரு பிடிச்ச சேஸிஸ்ல ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே இறங்கிச்சுன்னா ஜாக்கியைத் தொடவே வேணாம், முதல்ல துரு வேலை.

"அதுக்குப் புது சேஸிஸே மாத்திடலாமே, புதுப்பேட்டையில கிடைக்குமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சேஸிஸ்லதான் சார் வண்டியோட நம்பரே இருக்கு. 2021 ஜூலைல வந்த விண்டேஜ் விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'விஏ' வரிசையில பதிவு வாங்கலாம், கட்டணம் 20,000 ரூபாய். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணாம மூல வடிவத்துல இருக்கணும்னு அதே விதி சொல்லுது. தொழிற்சாலை கொடுத்த அளவுக்கே திரும்பக் கொண்டு வர்றது மாற்றம் இல்லைங்கறது என் வாதம். வேற வண்டியோட எலும்புக்கூட்டை மாட்டிட்டு நம்பரைத் தட்டி அடிக்கறதுக்குப் பேர் வேற, அதுக்கு இன்ஸ்பெக்டர் வெக்கற பேரும் வேற.

அதனால "ரெஸ்டோர் பண்ணினது"ன்னு யாராவது விக்க வந்தா பிரின்ட்அவுட்டைப் பாக்காதீங்க. ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு அடியில போங்க. ரெண்டு பக்க ஷிம்மையும் எண்ணுங்க, இடது வலது வீல்பேஸை அளந்து பாருங்க. ஈரமான ரோட்டுல நேரா ஓட்டச் சொல்லி, பின்சக்கரத் தடம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுதான்னு பின்னால நின்னு பாருங்க. அடியில போக விடமாட்டேன்னு சொன்னா, விலையைப் பேசவே வேணாம்.

டிஸ்கி: இழுவையில இருக்கற செயினுக்கு நேரா நிக்காதீங்க, அது மேலே ஒரு கனமான சாக்கு போட்டு வைங்க. பெட்ரோல் டேங்க் அந்த வீட்டு எல்லைக்குள்ளயே இருக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி கீழே படுக்கறவங்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது.