முகத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவின் குடும்பப் பண்ணைகள் பாதி வயல், பாதி பொருட்காட்சி ஆகிவிடுகின்றன. ஆளுயரம் தாண்டிய மக்காச்சோளத்துக்குள் வழி தொலைப்பது, வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து டிராக்டர் சவாரி, கொடியோடு கிடக்கும் பரங்கியைத் தாமே பொறுக்குவது என்று அரை நாள் ஓடிவிடும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் படங்களில் அந்த மாதம் முழுக்க ஆரஞ்சு நிறம்தான்.

சோளப் புதிர்ப்பாதை ஏதோ பழங்கால கிராமத்து விளையாட்டுபோலத் தோன்றும். அதன் வயதோ முப்பத்துச் சொச்சம்தான். 1993-இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில் நாடகத் தயாரிப்பாளர் டான் ஃப்ரான்ட்ஸும் இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃபிஷரும் டைனோசர் உருவத்தில் அமைத்ததே இன்றைய பாணிக்கு முதலாவது. விதைப்பது தீவனச் சோளம். அக்டோபரிலும் பசுமை மாறாதிருக்கச் சற்றுத் தாமதமாக விதைப்பார்கள். அடுத்த பாதை கண்ணில் படாதபடி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை. பயிர் சிறிதாக இருக்கும்போதே பாதை வெட்டிவிடுவார்கள். கூட்டம் ஓய்ந்ததும் கதிரை அறுத்தால் மாட்டுக்குத் தீவனம். வேடிக்கைக்கு வேடிக்கை, விளைச்சலுக்கு விளைச்சல். சோளத்தின்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

குறையெல்லாம் பரங்கி விஷயத்தில்தான். பரங்கிக்காய்க்கு இந்தப் பத்தி வக்காலத்து வாங்குவது பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. கல்யாணப் பந்தியில் பரங்கியை இலையோரம் ஒதுக்குபவர்களைப் பற்றி இங்கே நிறையவே புலம்பியாகிவிட்டது. அவர்களாவது ஒரு துண்டைத்தான் ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவிலோ ஹாலோவீன் பண்டிகைக்கு முழுக் காயையே குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கிறார்கள். சில நாளில் பூஞ்சை பிடித்து வாய் கோணிவிடும். பிறகு பெரும்பாலும் குப்பைத்தொட்டி.

அதைத் தின்னலாமே என்றால், தின்பதற்கென்று வளர்த்த காயே அல்ல அது. அங்கே பேர்பெற்ற ரகம் ஹௌடன். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் 1960-களில் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கியது. அடர்ந்த நிறம், நிமிர்ந்து நிற்கும் உருவம், கைப்பிடிபோல் தடித்த காம்பு எல்லாம் உண்டு. ருசிதான் இல்லை, சதை நாரும் நீருமாக இருக்கும். ஒரு காயைச் சமையலறையிலிருந்து வாசலுக்குத் துரத்தியதைச் சாதனை என்று சொல்ல இந்தப் பத்திக்கு மனம் வரவில்லை.

உண்ணும் பரங்கி வேறு வயலில், டிக்கெட் வாங்கி வருவோர் கண்ணில் படாமல் விளைகிறது. இலினாய்ஸின் மார்ட்டன் ஊரைச் சுற்றி டிக்கின்சன் என்ற ரகம் பயிராகிறது. வெளிர் பழுப்புத் தோல், நீண்ட உருவம். யாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் டப்பா பரங்கி விழுதில் பெரும்பகுதி அந்த ஊர் ஆலையிலிருந்து வருவதுதான். 2009-இல் அறுவடை நேரத்தில் மழை கொட்டி வயல் சேறாகவே, நாடு முழுவதும் விழுதுக்குத் தட்டுப்பாடு வந்தது.

செதுக்கும் காய் குக்கர்பிட்டா பெப்போ இனம். டிக்கின்சன் குக்கர்பிட்டா மொஸ்கேட்டா. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கியும் பெரும்பாலும் இந்த மொஸ்கேட்டாதான். ஆகவே பண்ணைக்குப் போகும் தமிழர்கள் சாம்பாருக்குக் காய் தேடினால் ஆரஞ்சுக் குவியலை விட்டுவிட்டு ஓரத்துப் பெட்டிகளைப் பார்ப்பது நல்லது. லாங் ஐலண்ட் சீஸ் என்ற பழைய ரகம் சில பண்ணைகளில் கிடைக்கும். தட்டையாக, சந்தன நிறத்தில் இருக்கும், அதுவும் மொஸ்கேட்டா. பெயர் தெரியாவிட்டாலும் காம்பு காட்டிக்கொடுக்கும். பெப்போவின் காம்பில் ஆழமான வரிகளும் கையில் குத்தும் சுணையும் இருக்கும். மொஸ்கேட்டாவின் காம்பு கடினமாக ஐந்து பட்டையாக இறங்கி, காயைத் தொடும் இடத்தில் பாதம்போல் விரிந்திருக்கும்.