மின்கம்பியும் துண்டுச் சீட்டும்

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய தோட்டத்துப் பையனுக்கு, தெமோதரைப் பக்கத்து ஆசிரியர்களாகிய நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: "தம்பி, வயரிங் வேலை பழகிக்கொள். கையில் தொழில் இருந்தால் பட்டினி இல்லை." இதைச் சொல்லிவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பியிருக்கிறோம். அந்த மனநிறைவுக்கு நமக்கு உரிமை உண்டா?

அவன் ஊரார் ஒருவரின் மூலமாகக் கொழும்பில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்கிறான். சுவர் வெட்டுகிறான், குழாய் பதிக்கிறான், கம்பி இழுக்கிறான். மூன்றாண்டு கழிந்தபின் ஒரு வீட்டின் மின்னிணைப்பு முழுவதையும் தனியே செய்து முடிக்கக் கூடியவனாகிறான். ஆயினும் கூலிப் பட்டியலில் அவன் பெயர் 'கையாள்' என்றே நிற்கிறது. தோட்டத்திலே முழுநாள் உழைத்தவளுக்கு அரைப்பேர் போடும் கணக்கை நாம் அறிவோம். அதே கணக்குத்தான் இங்கே சீமெந்துத் தூசியுடன் நடக்கிறது.

கூலியைத் திறமை நிர்ணயிக்கிறது என்பார் பொருளியல் அறிந்த நண்பர். அப்படியானால் அதே கை, அதே குறடு, விமானமேறிக் கட்டாரில் இறங்கியதும் பன்மடங்கு பெறுவது எப்படி? ஆகாயத்தில் பறந்த சில மணி நேரத்தில் திறமை வளர்ந்துவிட்டதா? கொந்தராத்துக்காரருக்கு உண்மை தெரியும். பையனின் கூலியைப் பேசும்போது அவர் பார்ப்பது அவன் கையை அன்று, அவன் தாயின் கூடையை. கொழுந்து பறிப்பவளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று சட்டமாவதற்கு 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரிலேதான் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆயிற்று. தாய் பெறுவதற்குச் சற்று மேலே ஒரு தொகையைச் சொன்னால் மகன் வந்துவிடுவான். கொழும்பு மாடிவீட்டு மின்தொழிலாளியின் கூலிக்குத் தரைமட்டம் ஊவா மலையிலே போடப்படுகிறது என்று நாம் சொல்வது இதனாலேதான்.

கூலிக்கு அப்பாலும் ஒரு களவு உண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும், 1980ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிச் சட்டப்படி நூற்றுக்கு மூன்றும் செலுத்தியாக வேண்டும். தற்காலிக ஊழியன், நாட்கூலி என்ற சாக்கு சட்டத்தின் முன் செல்லாது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாட்கூலி 2,000 ரூபா, மாதம் இருபத்தைந்து நாள் என வைத்துக்கொள்வோம். மாதம் 50,000. அதில் நூற்றுக்குப் பதினைந்து 7,500. ஆண்டுக்கு 90,000. ஐந்தாண்டில் வட்டி நீங்கலாக 450,000 ரூபா அந்தப் பையனின் பையிலிருந்து ஓசையின்றி எடுக்கப்படுகிறது. கணிதத்தில் தவறியவன் அவன். இக்கணக்கை அவனுக்கு ஒருநாளும் போட்டுக் காட்டாதவர்கள் நாம்.

2022இல் நாணயம் சரிந்து கட்டட வேலைகள் நின்றபோது நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. நிரந்தர நியமனம் உடையோருக்கு மாத இறுதியில் சம்பளம் வந்தது. அது போதாதிருந்தாலும் வந்தது. நாட்கூலிக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு லயனுக்குத் திரும்பினான். நிரந்தர நியமனமும் வலுவான சங்கமும் இருக்குமிடத்தில் மின்தொழிலாளியின் ஊதியம் ஒருவாறு நிற்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் அது மணலாய் வழிகிறது. இதற்குமேல் சந்தை விதி பற்றி நமக்குப் பாடம் வேண்டியதில்லை.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்தது 1921இல். (இன்று உல்லாசப் பயணிகள் அதனைப் படமெடுத்துச் சலிப்பதில்லை.) அதே ஆண்டில்தான் தோட்டங்களின் துண்டு முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய சீட்டே துண்டு. கடன் தீராமல் ஆள் நகர முடியாது. இன்று சீட்டு இல்லை. ஆனால் கடைசி மாதக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த சைட்டுக்கும் வா, சேர்த்துத் தருகிறேன்" என்கிறாரே, அந்த வாக்கியத்துக்கு வேறென்ன பெயர்?

மீள்வதற்கு வழியே இல்லை என்று நாம் கூறவில்லை. தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழைப் பயிற்சி நெறிக்குப் போகாமலே, வேலையிற் பெற்ற அனுபவத்தை மதிப்பிடச் செய்து பெறலாம். 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று அதற்குப் பெயர். அந்தக் கடதாசி இருந்தால் வெளிநாட்டிலும் உள்நாட்டு நிறுவனத்திலும் கூலி பேசும்போது அவன் நிமிர்ந்து நிற்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதை எத்தனை தோட்டப் பாடசாலைகளில் சொல்லியிருக்கிறோம்? 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆயினும் எம்மிடம் வந்த படிவம் சிங்களத்திலேயே இருந்தது. தமிழில் மதிப்பிடுவோர் தோட்டங்களுக்கே வரவேண்டும் என்று கேட்க எந்தத் தலைவருக்கும் நேரமில்லை. தேர்தல் மேடையிலே கூலி உயர்வு பேசுவோர் இந்தக் கடதாசியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சென்ற விடுமுறையில் பழைய மாணவன் ஒருவன் அந்தப் படிவத்தை எடுத்து வந்தான். ஆறு ஆண்டு வயரிங் வேலை செய்தவன். நாம் வரிவரியாகத் தமிழில் சொல்ல, அவன் நிரப்பிக்கொண்டு வந்தான். வேலை அனுபவத்துக்குத் தொழில் தந்தவரின் கடிதம் என்ற இடம் வந்ததும் பேனையை மூடிவிட்டான்.

"கேட்டுப் பார்த்தேன் சேர். கடிதம் தந்தால் நான் அவரிடம் வேலை செய்தது எழுத்தில் வந்துவிடும், பிறகு சேமலாப நிதியைக் கேட்பாய் என்கிறார்."