அறுபதில் மீண்டும் மோட்டார் சைக்கிள்: எடை பார்த்து வாங்குங்கள்

நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களில் சிலர் அண்மைக் காலமாகப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வெளியூர் வசூலுக்கு வண்டியிலேயே போய் வந்தவர்கள் இவர்கள். பிறகு கார் வந்தது. வண்டி கொட்டகையில் நின்று துருப்பிடித்து எடைக்குப் போனது. இப்போது பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை நமக்கென்று மிஞ்சுகிறது, பழைய ஆசை தலை தூக்குகிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தவனுக்குக் காற்று வாங்கிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போய்வர உரிமை உண்டு. "இந்த வயதில் எதற்கு அப்பா" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் அப்பா பக்கம்தான் பேசுவேன்.

என் வாதம் எந்த வண்டி என்பது பற்றி. ஷோரூமுக்குப் போனவுடன் நம்மவர்கள் கண் போவது அங்கே நிற்பதில் பெரிதான வண்டி மேல். இளமையில் வாங்க முடியாததை இப்போது வாங்குகிறோம் என்ற எண்ணம். சரக்கு வாங்கும்போது நூறு கேள்வி கேட்கிறவர்கள், வண்டி வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையோ மைலேஜோ அல்ல. எடை எவ்வளவு என்பதுதான்.

மூட்டைக் கணக்கில் சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். மூட்டை ஒன்றுக்கு ஐம்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 என்ற வண்டி 241 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து மூட்டை. இன்றைய புல்லட் 350 195 கிலோ, நான்கு மூட்டைக்கு ஐந்து கிலோ குறைவு. அதே கம்பெனியின் மீட்டியார் 350 191 கிலோ, ஹன்டர் 181 கிலோ. பஜாஜின் அவெஞ்சர் 220 க்ரூஸ் 163 கிலோ. டி.வி.எஸ். ரோனின் 160 கிலோவுக்குள். பெரியதுக்கும் சிறியதுக்கும் இடையே ஒன்றரை மூட்டைக்கு மேல் வித்தியாசம். அந்த ஒன்றரை மூட்டையை யார் தாங்குவது? நம் முழங்காலும் இடுப்பும்தான்.

ஓடும்போது எடை தெரியாதே என்பார்கள். உண்மைதான். நேராக நிற்கும் வண்டியைக்கூட ஒரு விரலால் பிடித்துக்கொள்ளலாம். சாயத் தொடங்கும்போதுதான் எடை வெளியே வரும். கொஞ்சம் சாய்ந்தால் கொஞ்சம் பாரம், மேலும் சாய்ந்தால் பாரம் மளமளவென்று ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை மனிதனால் நிறுத்த முடியாது. இருபத்தைந்து வயதில் தொடை பலத்தால் நிமிர்த்திவிடுவோம். அறுபதில் நிமிர்த்தப் போய் முதுகு பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் வண்டியோடு சேர்ந்து கீழே போவோம். எனக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் அப்படித்தான் விழுந்தார். வேகமாக ஓட்டவில்லை; சொல்லப் போனால் ஓட்டவே இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பும்போது சிந்திக் கிடந்த ஆயிலில் கால் சறுக்கியது, கனத்த வண்டி கணுக்கால் மேல் சாய்ந்தது. இரண்டரை மாதம் கடைப்பக்கம் வர முடியவில்லை. அது தீபாவளிக் கொள்முதல் நேரம். பேரம் பேசியதும் காசோலையில் கையெழுத்துப் போட்டதும் அவர் ஒருவர்தான். அந்த ஆண்டு அவர் கடையில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் தொழிலில் முதலாளி படுத்தால் முதலும் படுக்கும்.

எடைக்கு அடுத்தது இருக்கையின் உயரம். க்ரூஸர் என்று சொல்லப்படும் சாய்வு வண்டிகளை நம் வயதினர் விரும்புவதற்கு இதுதான் நியாயமான காரணம். இருக்கை தாழ்ந்திருப்பதால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் ஊன்றும். அவெஞ்சர் க்ரூஸுக்கு 737 மில்லிமீட்டர், மீட்டியாருக்கு 765, புல்லட்டுக்கு 805. ஐந்தடி நான்கங்குலக்காரருக்கு 805 மில்லிமீட்டர் என்றால் நுனிக்கால்தான் எட்டும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. நான் முதலில் சொன்ன 241 கிலோ வண்டியின் இருக்கை 740 மில்லிமீட்டர்தான். ஷோரூமில் உட்கார்ந்தால் நாற்காலி போல இருக்கும், வீட்டுக்கு வந்து வாசல் சரிவில் பின்னுக்குத் தள்ளும்போது சாயம் வெளுக்கும். தாழ்வும் வேண்டும், இலகுவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த வண்டியையே நான் சிபாரிசு செய்வேன்.

அப்படியானால் ஸ்கூட்டர் போதாதா என்று கேட்கலாம். கடைக்கும் வங்கிக்கும் போய்வர ஸ்கூட்டரே மேல். நம் சரக்கையெல்லாம் சுமந்து நம்மை ஆளாக்கியது 1980ல் வந்த டி.வி.எஸ். 50 தான், அதன் வாரிசான எக்ஸ்.எல். இன்றும் நம் கடை வாசல்களில் நிற்கிறது. அதைக் குறைத்துச் சொல்பவன் வியாபாரியே அல்ல. ஆனால் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும்போது சிறிய சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும் விதம் வேறு, பெரிய சக்கரம் கடந்து போகும் விதம் வேறு. ஆசைக்கு ஓட்டுகிறவருக்கு மோட்டார் சைக்கிள்தான் ஏற்றது.

புல்லட் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. நியூட்ரலைக் கண்டுபிடித்துத் தரக் குதிகாலுக்கென்று தனி லிவர். இன்றைய வண்டிகள் அனைத்திலும் இது தலைகீழ்: கியர் இடது, பிரேக் வலது, முதல் கியர் கீழே. காலையில் ஓட்டிப் பார்க்கும்போது பழகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் குறுக்கே மாடு வந்தால் கால் யோசித்துச் செயல்படாது, முப்பது ஆண்டுக்கு முன் படித்ததைத்தான் செய்யும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். எனவே புல்லட்டிலேயே பழகியவர்கள் புது வண்டி எடுத்தால் குறைந்தது ஒரு மாதம் ஆளில்லாத மைதானத்திலும் காலை ஐந்தரை மணிச் சாலையிலும் ஓட்டிவிட்டு, பிறகுதான் பஜாருக்குள் வர வேண்டும். யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரேக்கும் மாறிவிட்டது. 1.4.2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நம் வயதுக்கு இது வரப்பிரசாதம். செகண்ட் ஹேண்டில் வண்டி எடுப்பவர்கள் 2019க்குப் பிந்தியதாகப் பார்த்து எடுப்பது நல்லது. இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும்: புது 350 வண்டிகள் பலவற்றில் கிக்கர் கிடையாது. மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டால் பாட்டரி இறங்கும், தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அப்போதும் எடைதான் பேசும்.

முதுகுவலிக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாய்வு வண்டியில் காலை முன்னே நீட்டி உட்காருகிறோம். பார்க்கச் சுகம். ஆனால் வேகத்தடையில் சற்றே எழுந்து காலால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முடியாது, அது நேரே இடுப்பு எலும்புக்குப் போகும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஹன்டர், ரோனின் போலக் கால்மிதி சற்றே பின்தள்ளி உள்ள வண்டி பொருந்தும். நீளமான வண்டியைக் குறுகிய சந்தில் திருப்புவதும் பாடுதான். மதுரைக் கீழமாசி வீதியில் லோடு இறங்கும் நேரத்தில் அவெஞ்சரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தின் உணர்ச்சியை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். பாதம் மரத்தவருக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும்; அவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பட்டும்.

இனி வரிக் கணக்கு. 22.9.2025 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு செஸ் சேர்த்து 31ஆக இருந்தது 40 சதவீதமாக ஏறியது. இலகுவான வண்டிக்கு அரசாங்கமே சலுகை கொடுத்திருப்பது போலத்தான் இது. 349 சி.சி. எஞ்சின் இருபது குதிரை சக்தி தருகிறது. எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக விரும்பாத நமக்கு அது தாராளம். கடையின் பெயரில் வாங்கினால் உள்ளீட்டு வரி எடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆள் ஏறிப்போகும் வண்டிக்கு அது கிடையாது, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

லைசென்சை எடுத்துப் பாருங்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் பிரிவு அதில் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா? முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள், மருத்துவச் சான்றும் வேண்டும். இன்ஷூரன்சில் வண்டிச் சொந்தக்காரருக்கு உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். பாலிசிக்குப் பணம் கட்டிவிட்டு லைசென்சை மறப்பது, சரக்கை அனுப்பிவிட்டு பில் போட மறப்பதற்குச் சமம்.

ஷோரூமில் பையன்கள் "சார், ஒரு ரவுண்டு போய் வாங்க" என்பார்கள். ரவுண்டு பிறகு போகலாம். முதலில் எஞ்சினைக் கிளப்பாமல் உட்கார்ந்து சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். உட்கார்ந்தபடியே பத்தடி பின்னால் தள்ளுங்கள். ஹேண்டில்பாரை முழுதாக ஒடித்து இரண்டு பக்கமும் திருப்புங்கள். கிளட்சை இருபது முறை பிடித்து விடுங்கள். விரல் மூட்டு வலித்தால் அந்த வண்டி நமக்கில்லை. தினமும் போடுகிற செருப்போடும் ஒருமுறை, ஷூ போட்டும் ஒருமுறை பாருங்கள். வேட்டியோடு ஓட்டும் எண்ணமிருந்தால் இப்போதே கைவிடுங்கள், பின்சக்கரத்துக்கு வேட்டிமேல் மரியாதை கிடையாது.

வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாய்வு வண்டிகளின் பின்னிருக்கை பல சமயம் சிறியது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருபவருக்கென்று செய்தது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவருக்குப் பின்சாய்மானம் இடுப்பில் இடிக்கும், பாரமும் ஒரு பக்கமே இழுக்கும். சேலை கார்டும் கால்மிதியும் பொருத்தச் சொல்லி, அவரை ஏறி உட்கார வையுங்கள். அவர் உட்கார்ந்த பிறகும் உங்கள் இரண்டு பாதமும் தரையில் அசையாமல் ஊன்றியிருந்தால் முன்பணம் கொடுங்கள். இல்லையென்றால் அதைவிட இலகுவான அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.