மாத்திரை அட்டையை மறைக்காதீர்கள்!

"காத்தால நல்லாத்தான் இருக்கு வைத்தியரே, பொழுது சாஞ்சா இமையைத் தூக்க முடியல." இப்படிச் சொல்கிறவரை 'வாதம்' என்று எண்ணெய் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இது. வேலை செய்யச் செய்யத் தசை தளரும், ஓய்வெடுத்தால் தெளியும். பார்வை இரட்டையாகும், சோறு மெல்லத் தாடை அசந்துபோகும். 1980-களில் அமிதாப் பச்சனுக்கு வந்ததும் இதுதான்.

இவர்களுக்கு ரத்தக்கொதிப்பு, படபடப்பு என்று ப்ராப்ரனலால், அட்டெனலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' கொடுக்கும்போது கவனம் வேண்டும். இருதயத்துக்கு அருமையான மருந்துதான். ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசே பெற்றார். பலர் தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிலருக்குத் தளர்ச்சி கூடிவிடும். மூச்சுத் தசையும் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமொலால் சொட்டும் இதே இனம். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலக்கும்! 'சொட்டு மருந்துதானே' என்று அதை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து இறங்கி வருகிறவர் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர், சேலத்தில் இன்னொருவர், நடுவில் மெடிக்கல் ஷாப், கடைசியில் என்னைப் போல ஒரு சித்த மருத்துவர் என்று அலைகிறார். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. 'இங்கிலீஷ் மருந்து சாப்பிடறது தெரிஞ்சா திட்டுவாரு' என்று எங்களிடம் அட்டையை மறைப்பார்கள். தப்பு எங்கள் பக்கமும் உண்டு. எங்களில் சிலர், 'முதல்ல அதை நிறுத்து' என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இருதய நோயாளி பீட்டா பிளாக்கரைத் திடீரென விட்டால் மாரடைப்புகூட வரலாம். குறைப்பதும் மாற்றுவதும் எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை.

கல்வராயன் மலைக் கடுக்காயின் பெருமையை நாள் முழுக்கப் பேசுவேன். அதற்காக, பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை விட்டுவிட்டு லேகியம் கேட்டு வந்தால் கொடுக்க மாட்டேன்.

நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், மெக்னீசியம் ஊசி, குயினின் இவையும் இவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.