கைநாட்டு வைத்தால் போதுமா?

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். தேசமே பதறிற்று, விசாரணைக் கமிஷனும் அமர்ந்தது. ஆனால் சாரம் முறிந்து ஒருவன், லிப்டுக்கென விட்ட குழியில் விழுந்து மற்றொருவன், அஸ்திவாரப் பள்ளத்தில் மண் சரிந்து இன்னொருவன் என்று தனித்தனியே மடிகிறவர்களுக்கு எந்தக் கமிஷன் அமர்கிறது? பத்திரிகையில் நான்கு வரி, அதோடு சரி. இக்குற்றத்தினின்று நம்மையும் நாம் விலக்கிக்கொள்ளவில்லை.

கட்டடமே நிலைகொள்ளாதவிடத்து எந்தப் பயிற்சியும் உயிரைக் காவாது. மற்ற மரணங்களிற் பலவோ, வேலைக்கு வந்த முதல் நாளில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் நேர்ந்திரா. சொல்லிக்கொடுத்ததாகத்தான் ரிஜிஸ்தர் கூறும்! ரயிலை விட்டிறங்கிய ஹிந்தி வாலிபனை இங்கிலீஷ் காகிதத்தில் கைநாட்டு வைக்கச் செய்து, தலையில் ஒரு மஞ்சள் தொப்பியையும் கவிழ்த்துவிட்டால் கண்டிராக்டருக்குப் பயிற்சி முடிந்தது. விபத்து நேர்ந்தபின் அந்தக் கைநாட்டு யாரைக் காக்கும்? இடுப்புக்கும் தோளுக்கும் வார் கொடுத்தால் மட்டும் போதாது. அதன் கொக்கியை ஆடும் சாரக்கழியில் மாட்டலாகாது, தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்டவேண்டும் என்பதை அவன் கையாலேயே செய்யச் சொல்லிப் பார்க்கவேண்டும். மூடாத குழி எது, மின்சாரக் கம்பி எவ்வழிச் செல்கிறது என்று கூட்டிச்சென்று காட்டவேண்டும். இவ்வளவும் அவன் பாஷையில், கூலியில் பிடித்தமின்றி நடக்கவேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1996-ம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடங்களுக்கே பாதுகாப்பு உத்தியோகஸ்தரை விதித்தது. 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு அதனை 250 ஆகக் குறைத்தது. நல்லதே. ஆயின் நம் தெருக்களில் எழும் மூன்று மாடி வீட்டில் 250 பேரா வேலை செய்கிறார்கள்? பத்துப் பேர், மிஞ்சினால் இருபது பேர். அங்கே மேஸ்திரியே உத்தியோகஸ்தர். அவர் போடும் அதட்டலே பயிற்சி. அந்த மேஸ்திரிக்குக் கற்பித்தவர் யார்?

பணமில்லை என்று சர்க்கார் கூறமுடியாது. கட்டடச் செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒன்று வீதம் தொழிலாளர் நலத்துக்கென வரி வசூலாகிறது. அந்நிதி செலவாகாமல் தேங்கிக் கிடப்பதை 2018-ல் ஸுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது. அதிலிருந்து முதலில் மேஸ்திரிகளைக் கூலி கொடுத்துப் பயிற்றுவிக்கட்டும். தொழிற்சங்க நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாளைக் காலை உங்கள் தெருவிலுள்ள சாரத்தடியில் நின்று, நேற்று வேலைக்கு வந்தவனிடம், உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள், அவன் கூறும் பதிலை நமக்கு எழுதியனுப்புங்கள்.