பெயரைக் கேட்காதீர்கள், சோதனைச் சீட்டைக் கேளுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் ஐந்து கேள்விகளையாவது படித்துவிடுங்கள். ஆனால் குடும்பக் குழுவில் அன்று வாய் திறந்தவர்கள் முழுவதையும் படித்தே ஆக வேண்டும்!

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு ரோடு பைக்கைத் தானே சேர்த்துக் கட்டுகிறான். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத கார்பன் ஃபிரேம், அதோடு சேர்ந்து வந்த ஃபோர்க். சீனாவிலிருந்து வரவழைத்தான். வரி, கூரியர் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஷிமானோ 105 கியர் செட், அலுமினிய வீல், டயர் எல்லாம் போட்டு ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பது ஆசை. ஃபிரேம் படத்தைக் குழுவில் போட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு கட்சி: "பேரே இல்லாத ஃபிரேமா? ரோட்டில் போகும்போது இரண்டாக முறியும். சாகப் போகிறாயா?"

இன்னொரு கட்சி, அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு: "எல்லாம் ஒரே ஃபேக்டரியில் வருவதுதான் சார். ஸ்டிக்கருக்குத்தான் காசு. தைரியமாக ஓட்டச் சொல்லுங்கள்."

மூன்றாவதாக ஒரு புத்திசாலி: "பினரெல்லோ ஸ்டிக்கர் ஆன்லைனில் கிடைக்கிறது மச்சான். ஒட்டிவிடு. யாருக்குத் தெரியப் போகிறது?"

31 வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்று விடைகளுக்கும் பூஜ்யம்தான்.

முதல் கட்சிக்கு வருவோம். நாம் எந்த ஊர்க்காரர்கள்? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "பேர் இல்லாத சரக்கு மட்டம்" என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது? நம் ஊர்ப் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவர்களின் பெயர் எந்தச் சேலையின் மேல் இருக்கிறது? கோர்வை போட்டு, உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் நெய்தவருக்குக் கிடைப்பது கூலி. சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்காரர் அதே சேலையில் தன் பெயர் அச்சடித்த அட்டையைத் தொங்கவிட்டு வைப்பது விலை. வித்தியாசம் எங்கே போகிறது என்று நம் வீடுகளில் பேசாத நாள் உண்டா? பெயர் என்பது செய்தவனுடையது அல்ல, விற்றவனுடையது என்பதை இந்த ஊருக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூரத்தில் கிடைத்த நடராசர் திருமேனி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லவர் காலத்தது என்று அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். வார்த்தவன் பெயர் அதில் இல்லை. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதா?

சைக்கிள் கதையும் அப்படித்தான். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் இங்கிலாந்துப் பெயர்கள். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்த வண்டியைச் செய்தது, 1949இல் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் டி.ஐ. கம்பெனி, அம்பத்தூரில். பெயர் பர்மிங்காம், கை நம்முடையது.

தைவானில் ஜயன்ட் கம்பெனி 1972இல் தொடங்கியது. முதலில் அதற்கென்று ஒரு பெயர் சந்தையில் கிடையாது. மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். அமெரிக்காவின் பெரிய பெயரான ஷ்வின், சிகாகோ தொழிற்சாலையில் 1980இல் வேலைநிறுத்தம் வந்ததும் உற்பத்தியைப் பெருமளவு இவர்களிடம் தள்ளிவிட்டது. சிகாகோ பெயருக்கு ஆசைப்பட்டு வாங்கிய அமெரிக்கர் தைவான்காரர் பற்ற வைத்த ஃபிரேமில்தான் உட்கார்ந்து போனார். 1981இல் ஜயன்ட் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. 1992இல் ஷ்வின் திவாலானது. இன்று ஜயன்ட் உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்று. வேலை தெரிந்தவனிடம் பெயர் பிறகு வந்து சேர்ந்தது.

ஆகவே, பெயர் இல்லை என்பதற்காக முறியும் என்று சொல்வது அறிவியலும் அல்ல, அனுபவமும் அல்ல. வெறும் பயம். கடைக்காரன் நமக்குள் காசு செலவழித்து வளர்த்த பயம்.

கைதட்டாதே, இரண்டாம் கட்சியே. இனி உன் முறை.

"எல்லாம் ஒரே ஃபேக்டரி" என்கிறாய். ஒரே தெருவில் ஒரு வீட்டில் அசல் ஜரிகை ஓடுகிறது, அடுத்த வீட்டில் போலி ஜரிகை ஓடுகிறது. தெரு ஒன்று என்பதால் சேலை ஒன்றாகிவிடுமா? ஒரே தறிக்காரர்கூட முதலாளி கொடுக்கும் நூலுக்குத் தகுந்தபடிதானே நெய்கிறார்? கார்பன் ஃபிரேமும் அப்படித்தான். கார்பன் இழை ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரோமீட்டர் பருமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். நீளவாக்கில் இழுத்தால் அசுர பலம். குறுக்கே வளைத்தால் ஒன்றுமில்லை. அதனால்தான் பிசினில் ஊறிய கார்பன் தாளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை நேராக, ஒன்றைச் சாய்வாக, ஒன்றைக் குறுக்காக அச்சுக்குள் அடுக்குகிறார்கள். ஒரு ஃபிரேமுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். அடுக்குவது இன்றைக்கும் பெரும்பாலும் கைவேலை. பிறகு உள்ளே பை வைத்துக் காற்றடைத்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணம், மூலையில் சுருக்கம் விழுந்ததா, காற்றுக் குமிழி நின்றதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அச்சு ஒன்றாக இருக்கலாம். உள்ளே போன அடுக்கு வேறாக இருக்கலாம். வெளியிலிருந்து உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேலே பளபளவென்று தெரியும் நெசவு பல ஃபிரேம்களில் அழகுக்குப் போட்ட கடைசி அடுக்கு மட்டும்தான். "டி1000 கார்பன் சார்" என்று விற்பவர் சொல்வது டோரே என்ற ஜப்பான் கம்பெனி இழையின் தரப் பெயர். இழை நல்லது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நூல் நல்லது என்றால் சேலை நல்லதாகிவிடுமா? உன் பாட்டியைக் கேள்.

இன்னொன்று. இரும்பு ஃபிரேம் உடைவதற்கு முன் பெரும்பாலும் வளையும், கீறல் காட்டும், கிறீச்சிடும். கார்பன் அப்படி வளைந்து காட்டாது. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும், மேலே பெயிண்ட் புதிதாகச் சிரிக்கும். ஃபோர்க்கின் கழுத்து போகும்போது ஹேண்டிலே கையோடு வரும். பெங்களூர் நெடுஞ்சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது அது நடந்தால் தைரியம் சொன்ன நீ எங்கே இருப்பாய்?

பெயர் உள்ளவர்களுக்கும் இது நடக்கும். 2021 மார்ச் மாதம் பெல்ஜியத்தில் ல சமின் பந்தயத்தில் மத்தியூ வான் டெர் பூல் ஓட்டிய கேன்யன் சைக்கிளின் ஹேண்டில்பார் பந்தயத்தின் நடுவிலேயே உடைந்தது. ஜெர்மனியின் பெரிய பெயர், உலகத்தின் பெரிய வீரர். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்பதைக் கவனி. அந்த மாடலை வாங்கியவர்களிடம் "ஓட்டாதீர்கள்" என்று கம்பெனியே அறிவித்தது. வாங்கியவர் யார் என்று அவர்களிடம் பதிவு இருந்தது. வாங்கியவருக்கும் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கூடுதலாகக் கொடுக்கும் காசில் நியாயமான பங்கு இதற்குத்தான் போகிறது. "ஸ்டிக்கருக்குத்தான் காசு" என்று சொல்கிறவன் இந்தப் பங்கை மறைக்கிறான்.

ஆகக் கேள்வி பெயர் இருக்கிறதா இல்லையா என்பதல்ல. சோதித்தார்களா, பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதுதான்.

பட்டுக்கு இதை நாம் எப்போதோ செய்துவிட்டோம். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் கொண்டுவந்தது. அது தூய பட்டா என்பதைச் சொல்லும், கைத்தறியா என்று சொல்லாது. அதற்கு 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்குப் பதில். எதுவும் கடைக்காரர் பெயருக்காகக் கொடுத்ததல்ல. நூலை எரித்துப் பார்த்து, முடி கருகும் வாடை வருகிறதா, சாம்பல் விரலில் பொடிகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் அதற்கும் முன்பே இருந்தது.

சைக்கிளுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரம். ரேஸிங் வகை ஃபிரேமின் பெடல் பக்கம் 1,100 நியூட்டன் விசையை 1 லட்சம் முறை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 112 கிலோ ஆள் ஏறி மிதிப்பது போல, 1 லட்சம் தடவை. 22.5 கிலோ எடையை மேலிருந்து போட்டு மோதவும் விடுகிறார்கள். ஃபோர்க்குக்குத் தனிச் சோதனைகள். தேறியதா இல்லையா என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தத் தாளைத்தான் கேட்க வேண்டும்.

நம் பையன் கேட்டிருக்கிறான். முதலில் பேசிய விற்பனையாளர் வேறொரு மாடலின் அறிக்கையை அனுப்பினார். ஏழாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று தெரிந்தும் அவரை விட்டுவிட்டு, மாடல் எண் பொருந்திய அறிக்கையும், ஃபோர்க்குக்குத் தனி அறிக்கையும் கொடுத்த இன்னொருவரிடம் வாங்கினான். அந்தத் தாள்களை நானே உட்கார்ந்து படித்தேன். குழுவில் அவனைத் திட்டிய ஒருவராவது "அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்டீர்களா? பைக் கட்டுகிறவன் பொறுப்பாக நடந்தான். பெரியவர்கள் நாம்தான் நடக்கவில்லை.

மூன்றாவது புத்திசாலிக்கு ஒரு பத்தி போதும். பெயர் இல்லாத பொருள் நேர்மையான பொருள். "நான் இன்னார் இல்லை" என்று அது சொல்கிறது. அதன் மேல் அடுத்தவன் பெயரை ஒட்டினால் அது பொய். நாளைக்கு அதை விற்கும்போது வாங்குகிறவன் அந்தப் பெயரை நம்பித் தன் உயிரை அதன் மேல் வைப்பான். போலிப் பெயர் போட்டு விற்பது 1999ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிக் கைத்தறி என்று விற்கிறவனைத் திட்டிக்கொண்டே இந்த யோசனையை எப்படிச் சொன்னாய்?

இப்போது அந்த ஐந்து கேள்விகள். விற்கிறவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. அச்சு வார்த்த தொழிற்சாலை எது, முகவரி என்ன? ஃபிரேமில் வரிசை எண் இருக்கிறதா?

2. ஐ.எஸ்.ஓ. 4210 அறிக்கை எந்த மாடலுக்கு, எந்த ஆய்வுக்கூடத்தில், எந்தத் தேதியில்? ஃபோர்க்குக்குத் தனியாக இருக்கிறதா?

3. உடைந்தால் யார் பதில் சொல்வார்கள், எத்தனை வருஷம்? பணத்தைத் தகராறு செய்து திரும்பக் கேட்க வழியுள்ள முறையில்தான் கட்டுங்கள்.

4. ஓட்டுகிறவரின் எடை வரம்பு என்ன? ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்கலாம் என்ற பட்டியல் உண்டா?

5. அளவுகள் பொதுவானவையா? பாட்டம் பிராக்கெட் பி.எஸ்.ஏ. மரை என்றால் நல்லது. அழுத்திச் செருகும் வகையில் துளை கொஞ்சம் பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கத்தும். நம் சாலைகளுக்கு 28 மி.மீ. டயராவது நுழைய வேண்டும். டிரெய்லர் மாட்டும் ஹேங்கர் உபரி ஒன்று கூடவே வாங்கி வையுங்கள்.

இந்த ஐந்தையும் கேட்க நேரமோ தெம்போ இல்லாதவர்கள் பேசாமல் கடையில் போய்ப் பெயர் உள்ள அலுமினிய சைக்கிள் வாங்குங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

கட்டும்போதும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் சைக்கிள் கடை அண்ணன்களின் கைத்திறமைக்கு நான் அடிமை. வீல் கோட்டம் எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் "இன்னும் அரைச் சுற்று இறுக்கு" என்ற பழக்கம் இரும்புக்கு வந்தது. கார்பனில் பல இடங்களில் 5 நியூட்டன் மீட்டர்தான் எல்லை. அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள். சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் போடுங்கள். ஃபோர்க் கழுத்துக்குள் விரியும் பிளக்கைச் சரியாக இறக்குங்கள். கீழே விழுந்தால் வெளியே கீறல் இல்லையென்றாலும் காசால் தட்டிப் பாருங்கள். டிங் என்று கேட்ட இடம் டொக் என்று மந்தமாகக் கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக உறவினர்களுக்கு. அந்தப் பையனைக் குழுவில் கேலி செய்தவர்கள் அதே குழுவில் அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுங்கள். மாணவர்களே, யாராவது இப்படி ஃபிரேம் வாங்க நினைத்தால் பணம் கட்டும் முன் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். மாடல் எண்ணிலிருந்து தேதி வரை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது, சிவப்பு மை பேனாவும் இன்னும் காயவில்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார், கூரம்