மூளை என்ன தேயிலை மூட்டையா?

மாணவர்களே, ஒரு தேயிலை மூட்டையைப் பத்து முறை நிறுத்தாலும் எடை மாறாது. தராசில் ஏறி ஏறி மூட்டைக்குப் பழக்கம் வந்துவிடுவதில்லை. மூளை அப்படியல்ல.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றொரு நரம்பு நோய் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் இது அரிது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைத் தாக்குகிறது. நரம்புச் செய்திகள் தாமதமாவதால் பலருக்குச் சிந்தனை வேகமும் குறைகிறது. அதை அளக்க ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். 9 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 90 வினாடிகளில் எத்தனை குறியீடுகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறீர்களோ, அதுதான் மதிப்பெண்.

அதே தாளைச் சில மாதங்கள் கழித்து மறுபடியும் கொடுத்தால்? செய்முறை இப்போது பழகியிருக்கும். இரண்டொரு ஜோடிகள் நினைவிலும் நின்றிருக்கும். மதிப்பெண் ஏறும். இதற்குப் பயிற்சி விளைவு என்று பெயர்.

இச்சோதனையில் 4 புள்ளிகள் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது நரம்பியல் துறையில் பலர் பின்பற்றும் அளவு. நோயால் 4 புள்ளிகள் இறங்கி, பழக்கத்தால் 4 புள்ளிகள் ஏறினால் தாளில் என்ன தெரியும்? ‘மாற்றமில்லை’. அதை மட்டும் நம்பி மருந்தை மாற்றாமல் விட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். உடல் சூடேறினால் இந்நோயின் அறிகுறிகள் சிறிது நேரம் கூடும். ஜெர்மானிய மருத்துவர் உட்ஹாஃப் 1890-இலேயே இதைப் பற்றி எழுதினார். நம் ரிங்லெட் குளிரிலிருந்து ஒரு நோயாளி தாப்பா சாலை வளைவுகளில் இறங்கி, ஈப்போ வெயிலில் அலைந்து சோதனைக்கு உட்காருகிறார் என்று வையுங்கள். மதிப்பெண் குறைந்தால், குறைத்தது நோயா, பயணமா?

எண்களைக் காதால் கேட்டுக் கூட்டிச் சொல்லும் சோதனையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறிய நமக்கு, மனத்துக்குள் எந்த மொழியில் கூட்டுகிறோம் என்பதே ஒரு மாறிதான்!

ஆகவே ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பேன். முதல் முயற்சியை ஒத்திகையாகக் கொள்ளலாம். அடுத்தடுத்த முறை குறியீடுகளை மாற்றிய தாள் கொடுக்கலாம். நேரம், மொழி, களைப்பு மூன்றையும் குறித்து வைக்க வேண்டும். நலமாக இருப்பவர்களுக்கு அதே இடைவெளியில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஏறி, நோயாளிக்கு மட்டும் ஏறவில்லை என்றால், அந்த ‘மாற்றமில்லை’ ஓர் எச்சரிக்கை.

9 குறியீடுகளை நீங்களே வரையுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் நண்பரைச் சோதித்து வரைபடம் போடுங்கள். நான்காம் வாரம் குறியீடுகளுக்குரிய எண்களை மாற்றிக் கொடுங்கள். கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.